கடைசி பெஞ்சுக்கு இங்கிலீஷ்

வங்கித் தேர்வுப் பயிற்சி மையத்தில் தங்கதுரை சார் கையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. இங்கிலீஷ் வார்த்தைகள், பக்கத்தில் தமிழில் அர்த்தம், கீழே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வாக்கியம். முதல் பெஞ்சுக்குக் கொடுத்தார், அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்தார், அப்படியே பின்னால் வந்துகொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் சாலம்மாள், இருசம்மாள், மணிமொழி என்று மலையிலிருந்து வரும் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன் பெஞ்சு வரைக்கும் வந்தவர், மீதித் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"சார், எங்களுக்கு?" என்றாள் சாலம்மாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா அது? மலைக்காரங்க, கட்-ஆஃப் கம்மி. கணக்குல கொஞ்சம் ஜாஸ்தி எடுங்க. இங்கிலீஷ்ல கண்ண மூடிக்கினு எதையாவது தட்டினா தேறிடும். தாள வீண் பண்ண வேணாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வகுப்பும் கூடச் சிரித்தது. கேட்டீர்களா அநியாயத்தை! ஃபீஸ் வாங்கும்போது மலை என்றும் சமவெளி என்றும் பார்க்காத கை, தாள் கொடுக்கும்போது மட்டும் பார்க்கிறது. அதுவும் இந்த மனிதர் பேச்சைக் கேட்டுத்தான் சாலம்மாள் போன வருஷம் மண்ணைக் கவ்வினாள். வங்கி எழுத்தர் தேர்வில் மொத்த மார்க் இருந்தால் போதாது. ஒவ்வொரு பிரிவிலும் தனியாகத் தேற வேண்டும். மலைக்காரர்களுக்குத் தேறும் மார்க் கோடு கொஞ்சம் தாழ்வாகப் போட்டிருக்கிறார்கள் என்பது நிஜம். ஆனால் கோடு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? கணக்கில் அள்ளிக் குவித்தும், கண்ணை மூடிக்கொண்டு தட்டிய இங்கிலீஷ் அவளைக் கவிழ்த்துவிட்டது.

இந்த வருஷமும் கவிழ்ந்தால் அவ்வளவுதான். வயது வரம்பு முடிகிறது. மலைக்காரர்களுக்கு என்று கூட்டிக் கொடுத்த வருஷங்களும் இதோடு சரி. அடுத்த வருஷம் அவள் விண்ணப்பமே போட முடியாது.

சாலம்மாளின் ஊர் வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. சாமை, கேழ்வரகு, கொஞ்சம் மரவள்ளி, இதுதான் பிழைப்பு. அந்த ஊரிலிருந்து முதலில் காலேஜுக்குப் போன பெண் அவள். போனாள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், பட்ட பாட்டைச் சொன்னால் இன்றைக்கு முடியாது. விடுதியில் தங்கிப் படித்த பள்ளிக்கு இங்கிலீஷ் வாத்தியார் வருவார், வருவார் என்று பார்த்தே வகுப்புகள் தாண்டின. வந்த ஒருவரும் மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம், இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன, கம்பளி போர்த்தியா பெற்றுப் போட்டிருந்தார்கள்? வரலாற்றில் பட்டம் வாங்கி வெளியே வந்தபோது, ஒரு இங்கிலீஷ் பத்தியை எடுத்தால் பாதி வார்த்தைகள் அவளுக்கு முகம் தெரியாதவையாக இருந்தன.

வங்கி வேலைமேல் அவளுக்கு வெறி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாமியார் செல்லியம்மாளுக்கு வரும் முதியோர் பணத்தை எடுக்க இரண்டு பேருமாகக் கீழே ஒரு வங்கிக் கிளைக்குப் போனார்கள். "கைநாட்டெல்லாம் அப்பால நில்லு" என்றான் கண்ணாடிக்கு உள்ளே இருந்தவன். நின்றார்கள். வெயில் ஏறி, கூட்டமெல்லாம் கரைந்த பிறகு, கிழவியைக் காட்டிப் பக்கத்து நாற்காலிக்காரனிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பட்டம் வாங்கிய சாலம்மாளுக்கு அது என்ன என்று புரியவில்லை. கிழவி அவளைப் பார்த்து, "இன்னா சொல்றான்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதை அவளால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருநாள் உட்கார்ந்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

தாள் கிடைக்காத அன்று வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது, "வுடுடி, அந்தாளு போறான்" என்றாள் இருசம்மாள். சாலம்மாள் விடவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகக் கடை ஒன்று உண்டு. அங்கே கிளறிக் கிளறி, அட்டை கிழிந்த சொற்புத்தகம் ஒன்றைப் பிடித்தாள். ஏ முதல் இசட் வரை, அர்த்தமும் வாக்கியமுமாக. ஒரே பிரதிதான் இருந்தது. ஆட்கள் மூன்று பேர்.

ஜீப்புக்குப் போனதும், "கத்தி இருக்கா?" என்று கேட்டாள். ஜீப் ஓட்டுவது அவள் புருஷன் ராஜதுரை. காலையில் மலையிலிருந்து ஆள் ஏற்றி இறக்கி, சாயங்காலம் திருப்பி ஏற்றிக்கொண்டு போவான்.

"புக்க ஏன்டி வெட்டற? சரஸ்வதி கோச்சிக்கும்."

"கோச்சிக்கட்டும். இத்தன வருஷமா எங்க பக்கம் எட்டிப் பாத்துதா அது? கத்தியக் குடுய்யா."

புத்தகம் மூன்று துண்டானது. ஹெச் வரைக்கும் சாலம்மாளுக்கு, ஐ முதல் பி வரைக்கும் மணிமொழிக்கு, க்யூவிலிருந்து மிச்சம் இருசம்மாளுக்கு. மலையில் களையெடுக்கப் போனால் அப்படித்தான். காட்டை ஆளுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்துக்கொண்டு இறங்குவார்கள். முடித்தவள் பக்கத்துப் பாத்திக்குக் கை கொடுப்பாள். சாயங்காலம் மொத்தக் காடும் சுத்தமாகிவிடும், யார் எந்தப் பாத்தி என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை. அதே கணக்கில் மூன்று பேரும் அவரவர் துண்டை விழுந்து விழுந்து படித்தார்கள். விறகு பொறுக்கும்போதும் படித்தார்கள், மாவு இடிக்கும்போதும் படித்தார்கள். யாருக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. படித்த பெண்கள்தான், ஆனால் பழக்கம் என்பது பட்டத்தைவிடப் பழையது அல்லவா?

மாதிரித் தேர்வு வந்தது. ஹால் நிசப்தமாக இருந்தது. சாலம்மாள் விறுவிறு என்று போட்டுக்கொண்டே போனாள். திடீரென்று 'ஸ்கேர்ஸ்' என்று ஒரு வார்த்தை. எஸ்! அது அவள் பாத்தி இல்லையே! காட்டில் களைக்கொட்டோடு குனிந்திருக்கும் நினைப்பிலேயே, தலையைக்கூடத் தூக்காமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"ஏ இருசு, இது உன் பங்குதானடி? ஸ்கேர்ஸ்னா இன்னா?"

இருசம்மாளும் லேசுப்பட்டவளா? கேட்டால் சொல்ல வேண்டியதுதானே என்று பளிச்சென்று சொன்னாள். "கெடைக்கறது அருமைடி. தண்ணி மாதிரி. ரெண்டாவதப் போடு."

ஹால் கொல்லென்று சிரித்தது. தங்கதுரை சார் பாய்ந்து வந்து மூன்று பேரின் தாளையும் பிடுங்கினார்.

"காப்பியடிக்கறதையும் கூவிக்கூவியா அடிப்பீங்க? இது இன்னா சாமக் காடா? இதுக்குத்தான் தலப்பாடா அடிச்சிக்கினேன், உங்களுக்கு இங்கிலீஷ் வேணாம்னு!"

"காப்பி அடிக்கல சார். நீ தாள் குடுத்திருந்தா நாங்க ஏன் புக்க அறுத்துப் பங்கு போடறோம்?" என்றாள் சாலம்மாள்.

"நீயா? யாரப் பாத்து நீங்கற? மரியாத தெரியாத கும்பல். மொதல்ல தமிழ் ஒழுங்கா பேசு, அப்பறம் இங்கிலீஷ் பேசலாம். எழுந்து வெளிய போ!"

அவள் ஊரில் கடவுளையும் நீ என்பார்கள், கலெக்டரே வந்தாலும் வா, உட்காரு என்று பாய் போடுவார்கள். மனசில் மரியாதை இருந்தால் போதும் என்பது அங்கே வழக்கம். இங்கே ஒரு 'ங்க' குறைந்ததற்காக மூன்று பெண்களை வெளியே தள்ளினார் மனிதர். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவருக்கு மரியாதை மட்டும் அளவு குறையாமல் வேண்டுமாம். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, விதியில் இடமில்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லி அனுப்பினார்.

ஜீப்பில் ஏறியதும் மணிமொழி அழுதாள். இருசம்மாள் ஊர் வந்து சேரும்வரை அந்த ஆளின் வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டினாள். ராஜதுரைதான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்கக் கூடாது என்று பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டான்.

"ஏன்டி, பரீட்சையில பாத்தி பிரிச்சிக்க முடியுமா? முழுக் காட்டையும் ஒருத்தியே வெட்டணும்டி!"

"தெரியுது, ஓட்டுய்யா!" என்று சாலம்மாள் எரிந்து விழுந்தாள். ஆனால் அவன் சொன்னது மண்டைக்குள் ஏறிவிட்டது. பாத்தி பிரித்தது தப்பு. சரி, மலையில் வேலைக்கு அந்த ஒரு வழிதானா இருக்கிறது? இன்று என் காட்டுக்கு நீங்கள் எல்லோரும், நாளை உன் காட்டுக்கு நாங்கள் எல்லோரும் என்று முறை வைத்து இறங்குவதும் உண்டே! முறைக்காரிதான் அன்றைக்கு வேலை காட்டுவாள், அவளேதான் கூழும் ஊற்றுவாள்.

அப்படியே செய்தார்கள். இருசம்மாள் முறை என்றால் அவள் துண்டுப் புத்தகம், அவள் வீட்டுக் கூழ். முறைக்காரி சொல்லிக் கொடுப்பாள், மற்ற இரண்டு பேரும் அவள் காட்டில் வேலை செய்வதுபோல வார்த்தைகளைப் பிடுங்குவார்கள். மழை பெய்தாலும் முறை மாறாது. மணிமொழியின் போனில் பஸ் திரும்பும் வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று ஒவ்வொரு வார்த்தையும் எந்தெந்த வாக்கியத்தில் வருகிறது என்று தேடி எடுத்துக்கொண்டு வருவாள்.

அப்போதுதான் சாலம்மாளுக்குத் தான் எங்கே வழுக்கினோம் என்பது புரிந்தது. 'அபேண்டன்' என்றால் கைவிடு என்று பள்ளியிலிருந்தே மனப்பாடம். பெண்டாட்டியைக் கைவிட்டான், பெற்றவர்களைக் கைவிட்டான் என்று அழுகையோடு வருகிற சொல் என்றே நினைத்திருந்தாள். போன வருஷத் தேர்வில், புயலால் தேடுதல் வேலையை என்னவோ செய்தார்கள் என்று ஒரு வாக்கியம். இந்த வார்த்தை விடைகளில் இருந்தும், பொருந்தாது என்று விட்டுவிட்டு வேறொன்றைத் தட்டினாள். தேடுதலைக்கூட அபேண்டன் செய்யலாமாம், பாதி கட்டிய வீட்டை, வளைவில் நின்றுபோன ஜீப்பை, மழை வந்தால் கிரிக்கெட் ஆட்டத்தைக்கூட! அர்த்தம் தெரிந்தால் வார்த்தை தெரிந்துவிட்டது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்களை நினைத்து அன்றைக்கு முழுக்கப் பொருமினாள்.

பிறகு ஒரு சட்டம் போட்டாள். அர்த்தம் சொன்னால் மார்க் கிடையாது. அந்த வார்த்தையை வைத்து யாரையாவது இங்கிலீஷில் திட்ட வேண்டும். திட்டு பொருந்தினால்தான் வார்த்தை நம்முடையது. திட்டுவதற்கு ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை. தங்கதுரை சார் இருக்கும்போது வேறு யார் வேண்டும்? சொற்பத்துக்கு மீகர், அலட்சியத்துக்கு நெக்லெக்ட், இளக்காரத்துக்குக் கன்டெம்ப்ட், எது வந்தாலும் எழுவாய் அவர்தான். ஜீப்பில் வரும் ஜனங்கள் முதலில் முழித்தார்கள். அப்புறம், "இன்னிக்கு அந்தாளுக்கு இன்னா அர்ச்சன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் சாலம்மாளின் முறை. 'டிப்ரைவ்' வந்தது. புத்தகத்தில் 'பறி' என்று போட்டிருந்தது.

"பறின்னா புடுங்கறது. நம்ம கையிலேர்ந்து அந்தாளு எதப் புடுங்கினான்? ஒண்ணும் இல்லியே. இதுல திட்ட முடியாதுடி" என்றாள் இருசம்மாள்.

மணிமொழி கொண்டுவந்த வாக்கியங்களை சாலம்மாள் ஒவ்வொன்றாகப் படித்தாள். தூக்கம் இல்லாமல் செய்யப்பட்டவன். சோறு கிடைக்காமல் செய்யப்பட்ட பிள்ளை. படிப்பு கிடைக்காமல் செய்யப்பட்ட ஊர். படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"கையில இருக்கறதப் புடுங்கறது மட்டும் இல்லடி. கைக்கு வர வேண்டியத வராம ஆக்கறதும் இதான். நமக்கு நடந்துச்சே, அதுக்குப் பேரு இதான்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்-ஆஃப் கம்மி, கட்-ஆஃப் கம்மி என்று சலுகை போலச் சொல்லிச் சொல்லியே ஒரு மனிதர் இத்தனை காலம் அவளுக்குச் செய்ததற்கு இப்போதுதான் பெயர் கிடைத்தது. அன்றைக்கு வேறு வார்த்தை எதுவும் நடக்கவில்லை. மூன்று பேரும் அதை வைத்தே திட்டித் தீர்த்தார்கள்.

தேர்வு இரண்டு கட்டம். சேலத்தில் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டர் முன்னால் சாலம்மாள் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் பத்தி திரையில் வந்தது. எல்லா வார்த்தையும் தெரிந்தது என்று புளுக மாட்டேன். ஆனால் பெரும்பாலானவை அவளும் அவள் கூட்டாளிகளும் வைத்துத் திட்டிய வார்த்தைகள். முடிவு வந்தபோது சாலம்மாள் தேறியிருந்தாள். மணிமொழி இரண்டாம் கட்டத்தில் நின்றுவிட்டாள். இருசம்மாள் இங்கிலீஷில் தேறி, கணக்கில் விழுந்தாள். அவள் அழுதுகொண்டே, "அந்தாளு கணக்குல ஜாஸ்தி எடுன்னான், கணக்காவது ஒழுங்கா நடத்தினானாடி?" என்று கேட்டாள். சாலம்மாளுக்குத் தன் சந்தோஷத்தை முழுசாகக் கொண்டாடக்கூட மனசு வரவில்லை.

வேலைக்குச் சேர இன்னும் நாள் இருந்தது. அப்போதுதான் ராஜதுரை கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பிவந்து சொன்னான். "உன் மூஞ்சி கடைத்தெருவுல தொங்குதுடி."

மறுநாள் இருசம்மாளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பயிற்சி மையத்து வாசலில் மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். சேர்க்கை விண்ணப்பத்தில் அவள் ஒட்டிக் கொடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிதாகத் தங்கதுரை சார், கை கூப்பிக்கொண்டு. 'மலை மகளை வங்கி அதிகாரி ஆக்கினோம்! பழங்குடி மாணவிக்கு இலவசப் பயிற்சி அளித்த ஒரே மையம்!'

இலவசமாம்! வெளியே தள்ளியவர் ஆக்கினாராம்! யாரோ உழுது விதைத்த காட்டில் இவர் போய்ப் பரண் கட்டி உட்கார்ந்துகொண்டு என் காடு என்கிறார். எழுத்தர் வேலையை அதிகாரி ஆக்கியது ஒன்றுதான் அதில் தாராளம். சாலம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அவுத்துடு அத" என்று இருசம்மாளிடம் சொல்லிவிட்டு மாடியேறினாள். "அவுத்துட்டா நான் எடுத்துக்குவேன்டி, சாம காய வைக்க ஆவும்!" என்று கீழேயிருந்து சத்தம் கேட்டது.

மேலே புது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சேர்க்கைக்கு வந்த பெற்றோர்கள் நாலைந்து பேர் வாசல் ஓரம் நின்றிருந்தார்கள். தங்கதுரை சார் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லானார்.

"வாங்கம்மா, வாங்க! நான் சொல்லல? இவங்கதான் நம்ம ஸ்டூடண்ட்!"

நேற்றுவரை 'போ' என்ற வாயில் இன்றைக்கு 'வாங்க'. சாலம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கடைசி பெஞ்சு கண்ணில் பட்டது. சாயம் போன துப்பட்டாவோடு இரண்டு பெண்கள். எந்த ஊர்ப் பக்கம் என்று அவள் கேட்கத் தேவையே இல்லை. முன்னால் எல்லோர் கையிலும் தாள் இருந்தது, அவர்கள் கையில் இல்லை. அதில் சின்னவள் எழுந்து நின்று சிரித்தாள்.

"அக்கா, நாங்க மேல சின்னத்திருப்பதிப் பக்கம். உன் மூஞ்சியப் பாத்துதான் இங்க வந்து சேந்தோம்."

சாலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னைத் தள்ளியது கூடப் பரவாயில்லை, தன் முகத்தைத் தூண்டிலில் மாட்டி அதே பெஞ்சுக்கு வேறு இரண்டு பிள்ளைகளை இழுத்து வந்திருக்கிறார் மனிதர். படியேறும்போது மனசுக்குள் கட்டி வைத்திருந்த திட்டெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இங்கிலீஷ் சொல்லித் தராரா?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு அது வேணாம், கட்-ஆஃப் கம்மின்னு சொன்னாருக்கா."

வாசலில் நின்ற பெற்றோர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தங்கதுரை சார் குரலைத் தாழ்த்தினார். "இன்னாம்மா, ஒரு போட்டோதான? விளம்பரம் உனக்கும் நல்லதுதான. உக்காந்து பேசலாம், ஆபீஸ் ரூமுக்கு வா."

"ஆபீஸ் ரூம் வேணாம். இங்கியே உக்காரறேன்" என்றாள் சாலம்மாள். விடுவிடு என்று நடந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். "தள்ளிக்க புள்ள" என்று இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"நீ பாஸ் பண்ணிட்டியே, உனக்கு எதுக்கு கிளாஸு?" என்றார் தங்கதுரை சார்.

"ஃபீஸ் கட்டினேன், நீ நடத்தல. பாக்கி இருக்குது. வேலைக்குச் சேர்ற வரைக்கும் டெய்லி வருவேன். இதுங்க கத்துக்கினா நானும் கத்துக்குவேன். நடத்து சார்."

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெற்றோர்களில் ஒருவர், "நடத்துங்க சார், நாங்களும் பாக்கறோம்" என்றார். வேறு வழியில்லாமல் தங்கதுரை சார் பலகைப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தையை எழுதினார். முதல் பெஞ்சைப் பார்த்து அர்த்தம் சொல்லத் தொடங்கினார்.

"இங்க கேக்கல" என்றாள் சாலம்மாள்.

குரலை உயர்த்திச் சொன்னார்.

"இன்னும் கேக்கல சார். இங்க வந்து சொல்லு."

தங்கதுரை சார் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி பெஞ்சுகளைத் தாண்டிக் கடைசி வரைக்கும் நடந்து வந்தார்.